பச்சோந்தியின் கால்கள்

பச்சோந்தி என்ற சொல் நமது மொழியில் ஒரு பிராணியின் பெயராக வழங்குவதைவிட ஒரு வசவாகவே அதிகம் வழங்குகின்றது. தேர்தல் காலம் வந்துவிட்டால் பத்திரிகைக் கேலிச்சித்திரங்களில் கட்சி மாறியவர்களின் தலையைச் சுமந்துகொண்டு அது ஊர்ந்து வரும். அன்ரன் செக்கோவ் 1884இல் எழுதிய 'பச்சோந்தி' என்ற சிறுகதையை நம்மில் பலர் வாசித்திருப்போம். நாயொன்று ஒருவனைக் கடித்துவிடுகின்றது. அந்த நாய் யாருடையது என்று கூட்டத்தில் ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, பொலிஸ் அதிகாரியின் நீதி மாறிக்கொண்டே போகின்றது. கதையில் பச்சோந்தி என்று ஒரு பிராணி இல்லை. மனிதர்களும் ஒரு நாயும்தான் இருக்கின்றனர்.

பிராணியின் மீது இது ஒரு அபாண்டம் என்றே சொல்லவேண்டும். குளிர்ந்த காலையில் வெயிலின் சூட்டை வாங்கிக்கொள்வதற்காகப் பச்சோந்தி கருமை கொள்ளும். எதிரியைக் கண்டால் ஒரு நிறம், துணையைக் கண்டால் ஒரு நிறம், நோயுற்றால் ஒரு மங்கல். தனக்குள் நடப்பதை மறைப்பதற்கு மாறாகத் தோலிலே எழுதிக் காட்டிவிடும் பிராணி அது. அரசியல்வாதிக்கு அந்தப் பெயரைக் கொடுத்ததில் யாருக்கு இழிவு என்பதை வாசகர்கள் தீர்மானிக்கட்டும்.

நாம் அதன் தோலைப் பார்த்துப் பெயர் வைத்தோம். அரபிகள் அதன் காலையும் கவனித்திருக்கின்றனர். அரபியில் அதற்கு 'ஹிர்பா' என்று பெயர். 'ஹிர்பாவை விட முன்னெச்சரிக்கையானவன்' என்பது அம்மொழியின் பழைய வழக்குகளுள் ஒன்று. ஒரு கொப்பைப் பற்றிக்கொள்ளும் முன்னர் மற்றக் கொப்பை அது விடுவதில்லை என்பதே அதற்குக் காரணம். 14ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த தமீரி, தமது 'ஹயாத்துல் ஹயவான்' என்ற பிராணிகள் பற்றிய பெருநூலில் ஹிர்பாவுக்கெனத் தனியாக ஒரு பதிவு எழுதியிருக்கின்றார். சூரியன் போகும் திசையெல்லாம் முகம் திருப்பும் பிராணியாகவும் அரபுக் கவிஞர்கள் அதைப் பாடியிருக்கின்றனர். காலும் வெயிலும் என்ற இந்த இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதுதான் இக்கட்டுரைக்கான விடயம்.

2023ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் நான்கு மாதங்கள் லண்டனில் மகளின் வீட்டில் இருந்தேன். அங்கே பன்னிரண்டு வயதுப் பேரனின் பொறுப்பில் ஒரு பச்சோந்தி இருந்தது. யெமனையும் சவூதியின் தென்மேற்கு மலைப்பகுதியையும் சொந்த இடமாகக் கொண்ட இனம். தலையில் முக்காடு போட்டதுபோல ஒரு கொண்டை இருக்கும். மேற்கு நாடுகளில் கூண்டுகளிலேயே இனப்பெருக்கம் செய்து விற்கின்றனர். வீடு மாறிப்போன அயலவர் ஒருவர் கூண்டோடு கொடுத்துவிட்டுச் சென்ற பிராணி அது. வரும்போதே முன்கால்கள் இரண்டும் வில்போல வளைந்திருந்தன. கொப்பைப் பற்ற முயலும், பிடி நழுவும், வயிறு கொப்பில் படிய அப்படியே தொங்கிக் கிடக்கும்.

பச்சோந்தியின் கால் ஓர் அற்புதமான கருவி. ஐந்து விரல்களும் இரண்டும் மூன்றுமாக இணைந்து, குறடுபோல எதிரெதிரே மூடும். முன்காலில் உட்புறம் மூன்று, வெளிப்புறம் இரண்டு. பின்காலில் அதற்கு மறுதலை. வால் ஐந்தாவது கையாக உதவும். தரையில் ஓடித் தப்பும் வேகம் இல்லாத ஒரு பிராணிக்கு இந்தப் பிடிதான் பாதுகாப்பு. பிடி தளர்ந்த பச்சோந்திக்கு ஊனத்தோடு வீடும் போய்விடுகின்றது.

மிருக வைத்தியர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு நோயை விளக்கினார். உடலில் கல்சியம் சேர்வதற்கு விற்றமின் டி வேண்டும். அதைப் பச்சோந்தி தன் தோலில் படும் வெயிலின் புறஊதாக் கதிரிலிருந்தே பெரும்பாலும் உண்டாக்கிக்கொள்கின்றது. அந்தக் கதிர் யன்னல் கண்ணாடியைத் தாண்டி வருவதில்லை. பழைய வீட்டில் கூண்டை யன்னலோரம் வைத்து, வெளிச்சம் தாராளமாகக் கிடைக்கின்றது என்று நம்பியிருக்கின்றனர். உணவாகக் கொடுத்த வெட்டுக்கிளியிலும் புழுவிலும் கல்சியம் மிகக் குறைவு. இரத்தத்தில் கல்சியம் குறையும்போது உடல் தன் எலும்பிலிருந்தே அதைக் கடன் எடுக்கின்றது. எலும்பு மெதுவாகி, உடலின் பாரத்தில் வளைகின்றது; சிலவேளை தானாகவே முறிகின்றது. தாடை இளகிப்போகும்; நாவை எறிந்து இரை பிடிக்கவும் முடியாமற்போகும். கூண்டில் வாழும் பச்சோந்திகளின் கால் தளர்ச்சிக்கு மிகப் பொதுவான காரணங்களுள் இது ஒன்று.

காட்டில் வாழும் பச்சோந்தி இதை யாரும் சொல்லித்தராமலே அறிந்திருக்கின்றது. மடகஸ்காரைச் சேர்ந்த சிறுத்தைப் பச்சோந்திகளை வைத்துச் செய்யப்பட்ட ஓர் அமெரிக்க ஆய்வு 2009இல் வெளியானது. உணவில் விற்றமின் டி குறைவாகக் கிடைத்தவை புறஊதாக் கதிர் விழும் இடத்தை நாடிச் சென்றன. போதிய அளவு கிடைத்தவை அந்த நாட்டத்தைக் குறைத்துக்கொண்டன. சூரியனைத் தொடரும் ஹிர்பாவைப் பாடிய பாலைநிலக் கவிஞனின் கண் சரியாகத்தான் பார்த்திருக்கின்றது.

இந்த அறிவு நமக்கு வந்த வழியும் மனங்கொள்ளத்தக்கது. மனிதப் பிள்ளைகளின் கால்களை வளைக்கும் ரிக்கெட்ஸ் நோயின் காரணத்தைத் தேடிய எட்வர்ட் மெலன்பி என்ற ஆங்கிலேய ஆய்வாளர், 1919ஆம் ஆண்டளவில் நாய்க்குட்டிகளைக் கட்டடத்துக்குள்ளேயே வளர்த்து, குறிப்பிட்ட உணவை மட்டும் கொடுத்து, அவற்றின் எலும்புகளை வளையச் செய்தார். மீனெண்ணெய் கொடுத்தபோது நோய் தடைப்பட்டது. பச்சோந்திக்கு மருந்து சொல்லும் இன்றைய வைத்தியம் அந்தக் குட்டிகளின் வளைந்த கால்களின் மேல்தான் நிற்கின்றது. லண்டனில் என் மகளும் பேரனும் குளிர்காலம் முழுதும் விற்றமின் டி மாத்திரை எடுக்கின்றனர். 2016 முதல் அந்நாட்டு அரசாங்கம் எல்லோருக்கும் கொடுக்கும் ஆலோசனை அது. வெயில் நாட்டிலிருந்து போன உடல்களுக்கு அது இன்னும் அவசியம். மகள் விரும்பித்தான் அந்த நாட்டுக்குப் போனாள். பச்சோந்தியை யாரும் கேட்கவில்லை.

வைத்தியர் இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, கல்சிய மருந்தும் சரியான விளக்கும் கொடுத்துப் பல மாதங்கள் பராமரிப்பது. நோய் மேலும் போகாமல் நிற்கலாம், எலும்பு இறுகலாம், ஆனால் வளைந்த கால் நிமிராது. மற்றது, ஊசி போட்டு நித்திரையாக்கிவிடுவது. பேரன் வைத்தியரிடம் எதுவும் கேட்கவில்லை. பஸ்ஸில் வரும்போது என்னிடம் கேட்டான்: "அப்பா, அதுக்கு இப்ப நோகுதா?"

அந்த வாரம் புத்தளத்திலிருக்கும் கவிஞ நண்பர் ஒருவருடன் தொலைபேசியில் பேசும்போது இந்த விடயத்தைச் சொன்னேன். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் அவரும் ஒருவர். ஓலைக் கொட்டிலில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தவர். அவர் கேட்டார்: "மனிசர் செத்துக்கொண்டிருக்கிற காலத்தில ஓணானுக்குக் கால் கட்டவோ லண்டனுக்குப் போனனீங்கள்?"

இக்கேள்வியைக் கேலி என்று ஒதுக்க முடியாது. கேட்பதற்கு அவருக்கு உரிமை இருக்கின்றது. வைத்தியருக்குச் செலவாகும் சில நூறு பவுண் ஊரிலே ஒரு குடும்பத்துக்கு மாதக்கணக்கில் அரிசி. இரக்கம் கொடுக்கக் கொடுக்கப் பெருகும் என்று மேடையில் சொல்லிவிடலாம். காசு அப்படிப் பெருகுவதில்லை. இங்கு செலவாகும் பவுண் அங்கு போகாது. இரக்கம் என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு இக்கேள்விக்கு விடை காணமுடியாது என்றே எனக்குப் படுகின்றது. ஏனெனில் இரக்கத்தில் வரிசை உண்டு. மனிதன் முதலாவது, பச்சோந்தி எத்தனையாவது என்று எவரும் எண்ணத் தொடங்கலாம்.

ஆனால் ஈகை வேறு, கடன் வேறு. கடைக்காரருக்குக் கொடுக்கவேண்டிய ஆயிரம் ரூபாவை எடுத்து ஏழைக்குக் கொடுத்துவிட்டு வருபவனை நாம் கொடையாளி என்பதில்லை. கடைக்காரர் அந்த ஏழையைவிட வசதியானவராக இருக்கலாம். நல்லவராக இல்லாமலும் இருக்கலாம். கடன் கடன்தான். ஈகையில் நாம் ஆளைத் தெரிவுசெய்கின்றோம். கடனில் ஆள் ஏற்கெனவே தெரிவாகிவிட்டார். கால் வளைந்த பச்சோந்தியின் முன் நிற்பவன் கடன்காரனாகவே நிற்கின்றான். அதன் நோய் காட்டிலே வந்ததல்ல. வெயிலைத் தானே தேடிப் போகக்கூடிய ஒரு பிராணியை வெயில் புகாத இடத்தில் அடைத்ததால் வந்தது. அதன் எலும்பு எதைக் கடன் எடுத்ததோ அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டியவர் அடைத்தவர்.

அடைத்தவர் முந்திய வீட்டுக்காரர்தானே, பேரன் என்ன செய்தான் என்று கேட்கலாம். கூண்டின் கதவை இன்று இரவு மூடுகின்ற கை எவருடையதோ அவருடையதே பொறுப்பு. இங்கிலாந்தின் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் இவ்வாறே பார்க்கின்றது. பிராணிக்குப் பொறுப்பானவர் அதன் இருப்பிடம், உணவு, இயல்பான நடத்தை, தனிமை அல்லது துணை, நோயிலிருந்து பாதுகாப்பு ஆகிய தேவைகளைக் கவனிக்கவேண்டும் என்கின்றது. யார் முதலில் வாங்கினார் என்பதால் இந்தப் பொறுப்பு குறைவதில்லை.

பூனையை அடைத்துவைத்த பெண்ணைப் பற்றிய ஹதீஸ் நம் வாசகர்கள் அறிந்ததே. அவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை, பூமியிலுள்ளதைத் தேடித் தின்ன விடவுமில்லை என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கின்றது. குற்றம் எங்கே தொடங்குகின்றது என்பதைக் கவனிக்கவேண்டும். பசித்த பூனைகள் உலகில் எத்தனையோ. அவள் அவற்றுக்கெல்லாம் பொறுப்பாளி அல்லள். அடைத்ததனால் ஒரு பூனைக்குப் பொறுப்பாளியானாள். 1262இல் கெய்ரோவில் காலமான இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் என்ற ஷாபிஈ அறிஞர் தமது 'கவாஇதுல் அஹ்காம்' நூலில் மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்துகின்றார். அதில் முதலாவது பராமரிப்புச் செலவு. பிராணி பிணியால் முடங்கி, உரியவருக்கு எந்தப் பயனும் தராமற்போனாலும் அந்தச் செலவு நீங்காது என்று அவர் எழுதியிருக்கின்றார். சுமை ஏற்றாத ஒட்டகத்தைப் பாலைவனத்தில் விட்டுவிட்டுப் போகக்கூடிய காலத்தில் எழுதப்பட்ட வரி அது. அவரும் உரிமை என்றே சொல்கின்றார். இரக்கம் என்று சொல்லவில்லை.

நண்பரிடம் இதைச் சொன்னபோது சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு சொன்னார்: "கடன் எண்டு சொன்னால் ஏத்துக்கொள்ளுறன். பாசம் எண்டு மட்டும் சொல்லாதையுங்கோ." அவர் ஏற்றுக்கொண்டதற்கும் ஓர் எல்லை உண்டு. வீட்டிலே பிள்ளை பட்டினி கிடக்கும்போது பிராணியின் கடன் முந்தாது. ஆனால் பட்டினி கிடக்கும் பிள்ளையைக் காரணம் காட்டிக் கடனிலிருந்து தப்புபவர்களில் பெரும்பாலோர் அந்தப் பிள்ளைக்கும் கொடுப்பதில்லை என்பதை இருவரும் அறிவோம்.

ஓணான் என்று நண்பர் சொன்னதிலும் ஒரு பழைய கணக்கு இருக்கின்றது. சிறுவயதில் ஓணானைக் கண்டால் கல்லெறிவோம். பெரியவர்களைக் காட்டிக்கொடுத்துத் தலையாட்டிய பிராணி என்று ஒரு கதை சொல்வார்கள். பல்லியைக் கொல்வது பற்றிய ஹதீஸையும் சிலர் இதனோடு சேர்த்துவிடுகின்றனர். அந்த ஹதீஸில் வரும் சொல் 'வஸக்'. ஹிர்பா வேறு, வஸக் வேறு என்பதை அகராதியே தீர்த்துவைக்கின்றது.

இனி, கொன்றுவிடுவது என்ற வைத்தியரின் இரண்டாவது வழி. நமது ஷாபிஈ மத்ஹபின் பிற்கால நூல்கள், உண்ணத்தகாத பிராணியை அதன் வேதனையைத் தீர்ப்பதற்காகவேனும் அறுப்பதை அனுமதிப்பதில்லை. ஹனபி நூல்களோ பிணியுற்றுப் பயனற்றுப்போன கழுதையை அறுத்துவிடுவதில் தவறில்லை என்கின்றன. தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. நான் கவனித்தது வேறொன்று. 'அதற்கு வேதனை' என்று நாம் சொல்லும்போது உண்மையில் யாருடைய வேதனையைச் சொல்கின்றோம்? வளைந்த கால் பார்க்க அருவருப்பாக இருக்கின்றது. தினமும் மருந்து கொடுப்பது சிரமமாக இருக்கின்றது. அது விழுவதைக் காணச் சகிக்கவில்லை. இவையெல்லாம் நமது வேதனைகள். பச்சோந்தியின் வேதனையை அறியப் பச்சோந்தியைத்தான் பார்க்கவேண்டும். பகலில் கண் திறந்திருக்கின்றதா? விளக்கின் பக்கம் நகர முயல்கின்றதா? இரையைக் கண்டால் கண்கள் அதன்மேல் நிற்கின்றனவா? இந்த மூன்றுக்கும் ஆம் என்றால், அது வாழ்வதை இன்னும் கைவிடவில்லை. பகலெல்லாம் கண்மூடிக் கிடந்து, உணவையும் நீரையும் மறுத்து, மருந்தும் பயன்படாத நிலை வந்தால் அப்போது கேள்வி வேறு. கால் வளைந்தது என்பது மட்டும் சாவதற்கான காரணம் ஆகாது. பேரனின் பச்சோந்தி மூன்றுக்கும் ஆம் என்றது. வைத்தியரும் அதையே பார்த்துவிட்டு மருந்தை எழுதினார்.

அதன் பிறகு வீட்டில் நடந்த மாற்றங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புறஊதாக் கதிர் தரும் குழல் விளக்கொன்று வந்தது. வெளிச்சம் அப்படியே இருக்கும்போதே அந்தக் கதிர் மட்டும் காலப்போக்கில் குறைந்துவிடும் என்பதால், விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் குறித்த காலத்தில் மாற்றவேண்டும். பேரன் திகதியை விளக்கின் ஓரத்தில் எழுதி ஒட்டினான். வழுக்கும் மெல்லிய குச்சிகளை எடுத்துவிட்டுச் சொரசொரப்பான, சற்றுத் தடித்த கொப்புகளைக் கிடையாக வைத்தான். அடியில் மென்மையான துணியை விரித்தான். சூட்டு விளக்கைச் சற்று விலக்கினான். கால் இயலாத பிராணி சுட்டாலும் உடனே நகராது. பச்சோந்தி கிண்ணத்தில் தேங்கிய நீரைக் குடிப்பது அரிது. இலையில் விழும் துளியைத்தான் நக்கும். ஆகவே காலையும் மாலையும் இலைகளில் நீர் தெளித்தான். கல்சியத் தூள் தூவிய வெட்டுக்கிளியை ஒரு சிறு கோப்பையில் எட்டும் தூரத்தில் வைத்தான்.

இவற்றுள் ஒன்று என்னை மிகவும் யோசிக்க வைத்தது. விழுந்தால் அடிபடும் என்று கொப்புகளையெல்லாம் கூண்டின் கீழ்ப்பகுதிக்கு இறக்கியாயிற்று. ஆனால் பச்சோந்திக்கு உயரம்தான் நிம்மதி. மேலேயிருந்து பார்க்கும் மனிதமுகம் அதற்குப் பருந்து. கீழே இறக்கப்பட்ட நாளிலிருந்து அது கருமை கொண்டு சுருண்டிருந்தது. பச்சோந்தி வளர்க்கும் அனுபவசாலிகள் இதற்கு வழி வைத்திருக்கின்றனர். கொப்பைக் கீழே வைத்து, கூண்டையே உயரமான மேசையில் ஏற்றிவிடவேண்டும். விழும் தூரம் ஒரு சாண். ஆனால் பிராணி இன்னமும் நமது கண்ணுக்கு மேலே. அப்படிச் செய்த பின் அதன் பச்சை மெல்லத் திரும்பியது.

நம் வீடுகளில் கால் தளர்ந்த முதியவர்களுக்கு நாம் செய்வதை இத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். உம்மா விழுந்துவிடுவா என்று பயந்து முன் விறாந்தையிலிருந்த கதிரையை எடுத்துவிட்டுப் பின்னறையில் கட்டில் போடுகின்றோம். அவர் இனி விழமாட்டார். தெருவில் போவோரை ஸலாம் சொல்லி விசாரிக்கவும் மாட்டார். ஆபத்தைக் குறைக்கும்போதே அவர் வாழ்ந்த உயரத்தையும் குறைத்துவிடுகின்றோம். அன்பில்லாமல் செய்வதில்லை. ஆயினும் எதைக் குறைக்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

பேரனுக்கு ஒரு குறை இருந்தது. இவ்வளவு செய்தும் அவன் கை கிட்டப் போனால் பச்சோந்தி வாய் பிளந்து சீறியது. உடலில் கரும்புள்ளிகள் எழுந்தன. தனித்து வாழும் பிராணி அது. தடவிக்கொடுப்பது அதற்கு ஆறுதலாக இருப்பதில்லை. மருந்துக்காக எடுக்க நேர்ந்தாலும் கொப்பிலிருந்து பிய்த்து இழுக்கக்கூடாது. உடலின் கீழே கையைத் தாங்கி, அது தானாக அடியெடுத்து வைக்கும்வரை காத்திருக்கவேண்டும். "நான் இவ்வளவு செய்தும் அது என்னை விரும்புதில்லையே, அப்பா" என்றான். நண்பர் சொன்ன வார்த்தை அப்போது எனக்குப் பயன்பட்டது. கடைக்காரருக்குக் கடனைக் கொடுத்துவிட்டு வரும்போது அவர் நம்மைக் கட்டித் தழுவவேண்டுமென்று எதிர்பார்ப்பதில்லையே என்றேன். அவனுக்கு அது முழுதாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் மறுநாள் காலை நீர் தெளித்தான்.

நான் ஊர் திரும்பிய பின்னர் வந்த எக்ஸ்ரேயில் எலும்பு சற்று இறுகியிருப்பதாக மகள் சொன்னாள். கால்கள் வளைந்தபடிதான் இருக்கின்றன. இந்த இனம் நல்ல பராமரிப்பில் ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வாழும். அத்தனை காலமும் காலையிலும் மாலையிலும் அந்த வேலை இருக்கும். பிராணியொன்றை வாங்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நமது நாட்டில் இந்தக் கேள்வி வேறு வடிவில் வரும். புத்தளம், கற்பிட்டி, மன்னார்ப் பக்கத்துப் பற்றைக்காடுகளில் நமது நாட்டுப் பச்சோந்தி வாழ்கின்றது. முட்டையிடத் தரையிறங்கும் பெண் பச்சோந்தி தார் வீதியைக் கடக்கும்போது, ஒரு காலை விடுமுன் மற்றக் காலை ஊன்றும் அதன் முன்னெச்சரிக்கையே அதற்கு எமனாகின்றது. வாகனங்கள் அந்த நிதானத்துக்குக் காத்திருப்பதில்லை. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் பச்சோந்தியை வீட்டில் வளர்க்க இடமளிப்பதில்லை. ஆகவே, வீதியில் நலமாக நகரும் பச்சோந்தியைக் கண்டால் அது போகும் திசையிலேயே வீதியின் மறுபுறம் கொண்டுபோய் ஒரு செடியில் ஏற விடுங்கள். கால் நசுங்கியதைக் கண்டால் காற்றோட்டமுள்ள பெட்டியில் ஒரு கொப்போடு வைத்து, நிழலில், வனசீவராசிகள் திணைக்களத்தின் அலுவலகத்தில் ஒப்படையுங்கள். பிள்ளைகள் அதைச் சூழ்ந்து நின்று நிறம் மாற்றிக் காட்டச் சொல்லிக் குச்சியால் குத்துவார்கள். அந்தக் குச்சியை வாங்கி அதன் காலடியில் நீட்டிக் காட்டுங்கள். இயலுமானால் அது பற்றிக்கொள்ளும்.